பேருந்தில் நாட்டெல்லையைக் கடக்கும்போது விசா: வியட்நாம் வழியாகக் கம்போடியா செல்வோருக்கு என்ன தேவை?

1. வேளிமலை அடிவாரம் (தக்கலை)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அங்கோர் வாட் கோயிலைக் கால் நடமாட்டம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் இருவருடைய நெடுநாள் ஆசை. கொச்சியிலிருந்து நேரடி விமானத்தில் வியட்நாமின் ஹோ சி மின் நகருக்குச் சென்று, அங்கிருந்து பேருந்தில் கம்போடியத் தலைநகர் புனோம் பென், பிறகு அங்கோர் வாட் இருக்கும் சியம் ரீப், அதே வழியில் திரும்பி ஹோ சி மின் நகரிலிருந்து ஊருக்கு வருவது என்று திட்டமிட்டிருக்கிறோம்.

நாகர்கோவிலில் ஒரு பயண முகவரிடம் பேசினோம். "வியட்நாமுக்கு இ-விசா எடுத்துத் தருகிறேன், கம்போடியாவுக்கு எல்லையிலேயே கொடுத்துவிடுவார்கள்" என்று அவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்த எல்லை தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் களியக்காவிளைதான். அங்கே இந்தப் பேருந்தை விட்டு இறங்கி அந்தப் பேருந்தில் ஏறினால் போதும், யாரும் எதையும் கேட்பதில்லை. இரு நாடுகளுக்கு இடையே பேருந்தில் போகும்போது விசாவை எங்கே வாங்குவது, அதுவரை பேருந்து காத்திருக்குமா, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பவற்றை அந்த வழியில் சென்று வந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

2. பார்வதிபுரம் பாலம் (நாகர்கோவில்)

ஐயா, வணக்கம். நானும் என் தம்பி குடும்பமும் இதே வழியில் சென்று வந்தோம். உங்கள் முகவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று திரும்பி வரும் வழியில் உங்களைத் தடுத்து நிறுத்திவிடும் என்பதால் அதை முதலில் எழுதுகிறேன்: அவர் எடுத்துத் தரப்போவது ஒற்றை நுழைவு விசாவா, பல நுழைவு விசாவா என்று உடனே கேளுங்கள்.

வியட்நாம் அரசு 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை செல்லத்தக்க இ-விசாவைக் கொடுத்து வருகிறது. ஒற்றை நுழைவுக்கு 25 டாலர், பல நுழைவுக்கு 50 டாலர். கட்டிய பணம் திரும்ப வராது. நீங்கள் ஹோ சி மின் நகர விமான நிலையத்தில் இறங்கும்போதே ஒரு நுழைவு கழிந்துவிடும். பிறகு கம்போடியாவுக்குச் செல்ல மொக் பாய் என்னும் எல்லை வாயிலில் வெளியேறும் முத்திரை விழுந்த அந்தக் கணத்தில், 90 நாளில் 80 நாள் மிச்சமிருந்தாலும், ஒற்றை நுழைவு விசாவின் ஆயுள் முடிந்துவிடும். உங்கள் திரும்பும் விமானமோ ஹோ சி மின் நகரிலிருந்து. ஆகவே உங்களுக்குத் தேவை 50 டாலர் விசா. முகவர்கள் பலர் விமானச் சீட்டின் இரு முனைகளை மட்டும் பார்த்து, "ஒரு முறை போகிறார்கள், ஒரு முறை வருகிறார்கள்" என்று ஒற்றை நுழைவை எடுத்துவிடுகிறார்கள். இடையில் பேருந்தில் ஓர் எல்லை இருக்கிறது என்பது அந்தச் சீட்டில் தெரியாதே.

நாங்கள் திரும்பும்போது புனோம் பென் பேருந்து அலுவலகத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஊழியர் ஒவ்வொருவருடைய வியட்நாம் விசாத் தாளையும் வாங்கிப் பார்த்தார். வட இந்திய இளம் தம்பதியர் இருவருடைய தாளில் ஒற்றை நுழைவு என்று இருந்தது. அவர்களைத் தனியே நிறுத்திவிட்டார். அந்தப் பெண் பாஸ்போர்ட்டைத் திறந்து, காலாவதித் தேதியைத் திரும்பத் திரும்ப விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். தேதி சரியாகத்தான் இருந்தது, அதனால் பயனில்லை. புதிதாக விண்ணப்பித்து அது வரும்வரை அங்கேயே தங்குவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று.

இனி எல்லையில் நடப்பதைச் சொல்கிறேன். ஹோ சி மின் நகரிலிருந்து மொக் பாய் ஏறத்தாழ 70 கி.மீ. வண்டி புறப்பட்டதும் நடத்துநர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரே கட்டாக வைத்துக்கொள்வார். கையை விட்டுப் போகிறதே என்று மனம் பதறும். ஆனால் அந்த வழியில் அதுதான் நடைமுறை. மொக் பாய் கூடத்தில் கட்டை அப்படியே அதிகாரியிடம் கொடுப்பார், முத்திரை விழ விழப் பெயர் சொல்லி அழைப்பார்கள். பெயரை அவர்கள் உச்சரிக்கும் விதத்தில் நமக்கே அடையாளம் தெரியாது என்பதால், நடத்துநருக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். பிறகு மீண்டும் வண்டியில் ஏறி, சிறிது தூரத்தில் கம்போடியாவின் பாவெட் வாயிலில் இறங்க வேண்டும். விசா கொடுக்கும் சாளரம் அங்கேதான் உள்ளது. சுற்றுலா விசாவுக்கு அரசுக் கட்டணம் 30 டாலர். நடத்துநரே வாங்கித் தருவதானால் அதற்குமேல் 5 டாலரோ 10 டாலரோ சேர்த்துக் கேட்பார். ஒரு புகைப்படமும், பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கமும், வெளிநாட்டுப் பயணத்துக்குப் பல நாடுகள் கேட்கும் 6 மாதச் செல்லுபடியும் இருக்க வேண்டும். அந்த விசா ஒரு முழுப் பக்கத்தை அடைத்துக்கொள்ளும் ஒட்டுத்தாள்.

போகும்போது பெரிய பெட்டிகள் வண்டியிலேயே இருந்தன. திரும்பும்போது வியட்நாம் பக்கத்தில் எல்லாப் பெட்டிகளையும் இறக்கிச் சோதனை இயந்திரத்தில் விட்டு எடுத்தோம். நடை என்று பெரிதாக எதுவும் இல்லை.

3. தேங்காய்ப்பட்டணம் கடற்கரை

பார்வதிபுரம் அண்ணாச்சி சொன்ன பல நுழைவுச் செய்தி மிகச் சரி. ஆனால் கம்போடியாவுக்கு நான் ஊரிலிருந்தே இ-விசா எடுத்துச் சென்றேன். அதையே ஐயாவுக்கும் பரிந்துரைப்பேன். எல்லையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்கள் எங்கள் வண்டியில் ஒன்பது பேர். அவர்களுக்காக மற்ற எல்லோரும் காத்திருந்தோம் என்பதைவிட, அந்த ஒன்பது பேரும் கையிலிருந்த டாலரை வைத்துக்கொண்டு பட்ட பாடுதான் எனக்கு நினைவிருக்கிறது. கம்போடியாவில் அமெரிக்க டாலர் உள்ளூர்ப் பணம் போலவே புழங்குகிறது, ஆயினும் கிழிந்த நோட்டையோ எழுத்துப் பட்ட நோட்டையோ வாங்க மாட்டார்கள். ஒருவர் கொடுத்த 20 டாலர் நோட்டின் ஓரத்தில் ஸ்டேப்லர் ஊசி குத்திய துளை இருந்தது. அதிகாரி அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் சாளரத்தின் வழியே திரும்பத் தள்ளிவிட்டார். அவரிடம் வேறு நோட்டு இல்லை. நான்தான் மாற்றிக் கொடுத்தேன்.

இ-விசா எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்போடிய இ-விசாவை எல்லாத் தரைவழி வாயில்களும் ஏற்பதில்லை, பாவெட் ஏற்கும். அச்சிட்டு இரண்டு படிகள் கொண்டு செல்லுங்கள், நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. கைப்பேசியில் காட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

4. பார்வதிபுரம் பாலம்

தம்பி சொல்வதை ஏற்கிறேன். நாங்கள் எல்லையிலேயே வாங்கியும் சிக்கல் வரவில்லை, ஆனால் எங்களோடு வயதானவர்கள் யாரும் இல்லை. ஐயாவும் அம்மாவும் செல்வதால் இ-விசாவே நல்லது. ஊரில் டாலர் வாங்கும்போது நோட்டுகளை அங்கேயே ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, 1, 5, 10 டாலர் சில்லறையாகவும் கேட்டு வாங்குங்கள். ஒரு பயணத்துக்கு ரொக்கமாக 3,000 டாலர் வரை எடுத்துச் செல்ல நம் விதிகள் அனுமதிக்கின்றன. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது.

5. மார்த்தாண்டம் டீச்சர்

இந்த இழையைப் படித்தபோது எங்களுக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. நாடு வேறு, சிக்கல் ஒன்றுதான். என் மகள் சிங்கப்பூரில் செவிலியராக இருக்கிறாள். நாங்கள் அவளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமலே 30 நாள் வரை செல்லலாம் என்று அறிந்து, ஒருநாள் ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் போய்வரலாம் என்று கிளம்பினோம். போவதற்கு விசா வேண்டாம் என்பதிலேயே மனம் நிறைந்துவிட்டது. சிங்கப்பூருக்குத் திரும்பி வருவதற்கு எங்கள் சிங்கப்பூர் விசா இடம் கொடுக்கிறதா என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் வரிசையில் நின்றபோதுதான், மகளோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "அம்மா, உங்கள் விசாவில் எத்தனை பயணம் என்று போட்டிருக்கிறது?" என்று கேட்டாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தோம். என் கணவருடையதில் பல பயணம் என்றும், என்னுடையதில் ஒரே பயணம் என்றும் இருந்தது. ஒரே நாளில், ஒரே முகவர் மூலம், ஒரே படிவத்தில் விண்ணப்பித்த கணவன் மனைவி நாங்கள். அன்று வரிசையிலிருந்து விலகி வீட்டுக்குத் திரும்பினோம். அவள் கேட்காமல் இருந்திருந்தால் நான் இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்துக்கு அப்பால் நின்றிருப்பேன். ஆகவே வேளிமலை சார், உங்கள் தாளைப் பார்த்தால் மட்டும் போதாது. உங்கள் மனைவியின் தாளையும் தனியே படியுங்கள்.

பல பயண விசா உள்ளவர்களுக்காக அந்த வழியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அடுத்த முறை முறையான விசாவோடு போய்வந்தோம். சிங்கப்பூர் பக்கத்திலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கைப்பை முதல் பெட்டி வரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். குடிநுழைவு முடிந்து வேறு தளத்துக்கு வந்து, அதே நிறுவனத்தின் பேருந்தில் ஏறி, 1924இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 1 கி.மீ. நீளமுள்ள தரைப்பாலத்தைக் கடந்து, ஜொகூர் பக்கத்தில் மறுபடியும் எல்லாவற்றோடும் இறங்க வேண்டும். வந்த பேருந்து நமக்காக நிற்காது. அடுத்து வரும் அதே எண் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம் என்பதால் பயணச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மலேசியாவின் இணையவழி வருகை அட்டையையும் சிங்கப்பூரின் வருகை அட்டையையும் பயணத்துக்கு முந்தைய 3 நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுடையது அன்று.

6. வேளிமலை அடிவாரம்

எல்லோருக்கும் நன்றி. முகவரை அழைத்துக் கேட்டேன். பார்வதிபுரத்தார் சொன்னபடி, ஒற்றை நுழைவுதான் எடுப்பதாக இருந்தார். இப்போது நானே விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். ஒரு ஐயம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்னும் இடம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து ஒரே வரியில் வருகின்றன. என் மனைவிக்கோ ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், என் பெயர் எல்லாம் சேர்ந்து நீண்டிருக்கிறது. படிவத்தில் எதை எங்கே எழுதுவது?

7. தேங்காய்ப்பட்டணம் கடற்கரை

நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு உள்ள சிக்கல் இது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரிகள், இடையிடையே அம்புக்குறிகளோடு இருக்கும். எல்லையில் இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். ஆகவே அந்த வரியில் உள்ள எழுத்துகள் ஒன்றுகூட விடாமல் உங்கள் விசாவிலும் இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ளதையோ ஆதாரில் உள்ளதையோ வைத்து எழுத வேண்டாம். முதலெழுத்து மட்டும் போடுவதும் கூடாது. வளைகுடா செல்வோருக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது தெரிந்ததே. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் வருகை விசாவுடன் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது எங்கள் ஊரில் எத்தனையோ பேர் பெயர் சேர்க்க அலைந்தார்கள்.

படிவத்தில் நுழையும் வாயில் எது என்றும் கேட்பார்கள். உங்கள் முதல் நுழைவு விமான நிலையம் என்பதால் அதைக் குறியுங்கள். மொக் பாய் இ-விசாவை ஏற்கும் வாயில்களுள் ஒன்றுதான். இணைய முகவரியின் இறுதியில் வியட்நாம் அரசின் குறியீடு உள்ள தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பணம் வாங்கும் தனியார் தளங்கள்.

8. குளச்சல் இளைஞன்

பெரியவர்கள் பேசும் இடத்தில் கேட்கலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் வழி ஒன்றுதான் என்பதால் கேட்கிறேன். எனக்குக் கம்போடியாவில் கணினியில் தரவு பதியும் வேலை இருப்பதாக ஒருவர் சொல்கிறார். ஹோ சி மின் நகர் வரை சுற்றுலா விசாவில் வந்தால் போதும், அங்கிருந்து பேருந்தில் எல்லையைத் தாண்ட ஆள் வருவார், கம்போடியாவிலும் முதலில் சுற்றுலா விசாவில் நுழைந்துவிட்டு, பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். எல்லையில் நிறுத்திக் கேட்பார்களா?

9. பார்வதிபுரம் பாலம்

தம்பி, எல்லையில் நிறுத்துவார்களா என்பதை விட்டுவிடு. நிறுத்தாமல் விட்டுவிட்டால்தான் உனக்கு ஆபத்து. உன்னைக் கூட்டிப்போகும் ஆள் அந்தப் பேருந்தில் உன் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொள்வான். மற்றவர்களுக்கு அது பாவெட்டில் திரும்பக் கிடைக்கும், உனக்குக் கிடைக்காது. கணினி வேலை என்று அழைத்துப்போய், அடைத்து வைத்து, இணையவழியில் மக்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையைச் செய்ய வைக்கிறார்கள் என்று நம் வெளியுறவு அமைச்சகம் கம்போடியாவைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படிச் சிக்கிய ஏறத்தாழ 250 இந்தியர்களை மீட்டு ஊருக்கு அனுப்பியதாக 2024 மார்ச்சு மாத இறுதியில் அமைச்சகமே தெரிவித்தது. முறையான வேலை தருபவர் எவரும் சுற்றுலா விசாவில் வா என்று சொல்ல மாட்டார்.

உன்னிடம் பேசும் அந்த நபர் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. குளச்சலிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் நேரில் கேட்டுவிடலாம். பணம் எதுவும் கொடுத்திருக்கிறாயா? கொடுக்கவில்லை என்றால் இன்றே பேச்சை முறித்துக்கொள். கொடுத்திருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, காவல் நிலையத்துக்கு நானும் உன்னோடு வருகிறேன்.

10. குளச்சல் இளைஞன்

பணம் கொடுக்கவில்லை, அண்ணாச்சி. பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தளத்தில் பார்த்தேன், அவர் சொன்ன நிறுவனத்தின் பெயர் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டேன். போகவில்லை.

11. ஆரல்வாய்மொழி காற்று

பேங்காக்கிலிருந்து பேருந்தில், தாய்லாந்து-கம்போடிய எல்லையிலுள்ள பொய்பெட் வழியாகச் சியம் ரீப் போவது இதைவிட எளிது என்று ஒரு பழைய காணொளியில் பார்த்தேன். அந்த வழியையும் ஐயா பரிசீலிக்கலாமே?

12. தேங்காய்ப்பட்டணம் கடற்கரை

அந்தக் காணொளிக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லைத் தகராறில் 2025 ஜூன் மாதத்தில் தரைவழி வாயில்களில் போக்குவரத்தை நிறுத்தின. ஜூலையில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. தரைவழிப் பயணத்தில் விசாவுக்கு முன் பார்க்க வேண்டியது வாயில் திறந்திருக்கிறதா என்பதைத்தான். ஐயாவின் வழி வேறு என்பதால் அவர் அதை மாற்ற வேண்டாம்.

13. வேளிமலை அடிவாரம்

நண்பர்களே, நாங்கள் நலமாகச் சென்று திரும்பினோம். பின்னால் வருவோருக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

வியட்நாமுக்குப் பல நுழைவு இ-விசா, கம்போடியாவுக்கு இ-விசா, இரண்டையும் நானே எடுத்தேன். மார்த்தாண்டம் டீச்சர் சொன்னது போலவே மனைவியின் தாளைத் தனியே படித்தது வீண்போகவில்லை. அவருடைய பிறந்த மாதத்தை நான் தவறாகப் பதிந்திருந்தேன். வியட்நாம் விசாவுக்கு இரண்டாம் முறை 50 டாலர் கட்டி வேறு எடுத்தோம். மனம் வருந்தியது, ஆனாலும் தக்கலையில் உட்கார்ந்துகொண்டு வருந்துவதும் மொக் பாயில் நின்றுகொண்டு வருந்துவதும் ஒன்றல்ல.

காலை எட்டு மணி அளவில் புறப்பட்ட பேருந்து, நடத்துநர் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டது, கூடத்தில் பெயர் அழைத்தது எல்லாம் நீங்கள் எழுதியபடியே நடந்தன. பாவெட்டில் எங்களிடமும் விசாவுக்குப் பணம் கேட்டார் நடத்துநர். அச்சிட்ட தாளைக் காட்டியதும் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். விரல் ரேகை எடுத்து முத்திரை போட்டார்கள். எல்லையைத் தாண்டிய பிறகு நெக் லுவாங்கில் மீக்கோங் ஆற்றின் மேல் 2015இல் திறந்த பெரிய பாலத்தில் வண்டி ஏறியபோது, அதற்கு முன்பெல்லாம் இங்கே பேருந்தையே படகில் ஏற்றிக் கடத்துவார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். ஆற்றின் அகலத்தைப் பார்த்தால் நம்பலாம். பிற்பகலில் புனோம் பென் சேர்ந்தோம்.

திரும்பும்போது வியட்நாம் அதிகாரி எங்கள் இருவருடைய விசாத் தாளையும் கையில் வாங்கி, பேனா முனையை அந்த நுழைவு வரியின் கீழ் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரையை எடுத்தார். அந்தச் சில நொடிகளில் பார்வதிபுரத்தாரை நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி சேர்க்கச் சொல்வது ஒன்று உண்டு. இரண்டு வாயில்களிலும் வண்டியை விட்டு இறங்கியே ஆக வேண்டும், மீண்டும் ஏற எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை மாத்திரை, தண்ணீர், பிஸ்கட் வைத்திருக்கும் பையை இருக்கையில் விட்டுவிடாமல் தோளில் மாட்டிக்கொண்டே இறங்குங்கள்.